ஐஸ் சூடு, மோர் குளிர்ச்சி

நான் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் வாத்தியார். வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு என்று பிள்ளைகளிடம் வருஷா வருஷம் தொண்டை வற்றக் கத்துகிறேன். கத்திவிட்டு, பஸ்ஸில் நசுங்கிக் கோட்டுச்சேரியில் இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா சொல்வாள்: "மாம்பழம் நறுக்கி வச்சிருக்கேன். ரெண்டு துண்டுக்கு மேல தொடாத, சூடு." அந்த மாம்பழம் அப்போதுதான் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே வந்திருக்கும். தொட்டால் விரல் விறைக்கும்.

இது என் வயிற்றெரிச்சல். எங்கள் வீட்டில் கோழிக்கறி சூடு, ஆட்டுக்கறி குளிர்ச்சி. இரண்டும் ஒரே அடுப்பில், ஒரே சட்டியில், ஒரே கொதி கொதித்துத்தான் இறங்குகின்றன. பப்பாளி சூடு, வெந்தயம் குளிர்ச்சி. நல்லெண்ணெயைக் காய்ச்சி மண்டையில் வைத்துத் தேய்த்தாலும் குளிர்ச்சி. தயிர் சூடு. அதே தயிரில் தண்ணீரை ஊற்றிக் கலக்கிவிட்டால் அந்த நிமிஷமே குளிர்ச்சி. சூடு எங்கே போயிற்று என்று கேட்டால், "மோருக்குள்ள போயி யாராவது சூட்டத் தேடுவாங்களா" என்பாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் பள்ளிக்கூடத்து ஆய்வகத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முழு மாம்பழத்தில் செருகிக் காட்டினேன். பாதரசம் அடியிலேயே பம்மிக் கிடந்தது. "இங்க பாரும்மா. இதுவா சூடு?"

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "இது மாம்பழத்துக்கு. நான் சொல்றது ஒனக்கு."

அம்மா அதோடு விடவில்லை. பள்ளிக்கூடத்துக் கண்ணாடிக்குச்சி எந்த ஆசிட்டில் முங்கி எழுந்ததோ என்று அந்த மாம்பழத்தைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டுவிட்டாள். மாட்டுக்கு மாம்பழம் சூடு இல்லையாம்.

என் அறிவியலை வீட்டில் காதுகொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் தங்கச்சிதான். கேட்பாள் என்றால், கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே வரியில் ஆளை உட்கார வைப்பாள். ஒரு மத்தியானம் அவளைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போய், "பாரு, ஒரே வெயில்தான். மணல்ல கால் வைக்க முடியல, தண்ணி ஜில்லுன்னு கெடக்கு. ஏன்? தண்ணியோட தன் வெப்ப ஏற்புத்திறன் அதிகம். எவ்வளவு வெப்பம் குடுத்தாலும் உள்ள வாங்கிக்கும், சீக்கிரம் சூடாகாது. சூடாச்சுன்னா லேசுல ஆறாது" என்று கை கால்களை ஆட்டி விளக்கினேன். அவள் என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "செருப்பப் போட்டுக்கயேன் அண்ணே" என்றாள். அவள் மட்டும் செருப்போடு வந்திருந்தாள்.

அவள் கூட்டுறவு வங்கியில் கவுண்டரில் உட்காருகிறாள். நாள் முழுக்க ஜனங்களிடம் போடவா, எடுக்கவா என்று கேட்டே பழகியவள். அவளிடம் வழவழ கொழகொழ கிடையாது. அப்படிப்பட்டவளைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய், வழவழ கொழகொழ என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பையன் வந்தான். குனிந்த தலை நிமிராமல் கேசரியை வழித்துச் சாப்பிட்டான். பையன் யோசிக்கிறான் என்று அவன் வீட்டிலிருந்து செய்தி வந்தது. யோசித்தான், யோசித்தான், வேறு பெண்ணோடு அவனுக்குக் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டார்கள். இன்னொருவன் வந்து போனபிறகு பையனின் சித்தப்பாவுக்கு இஷ்டமில்லை என்றார் தரகர். சித்தப்பாவுக்கா கல்யாணம் என்று தங்கச்சி கேட்டாள். வேண்டாம் என்று சொன்னதில் அவளுக்குக் கோபம் இல்லை. வேண்டாம் என்று சொன்னது யார் என்றே தெரியாமல் போனதில்தான் கோபம்.

அதனால் இந்த வரன் வந்தபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "பையன் வாயத் தொறந்து சொல்லணும். புடிச்சிருந்தாலும் சரி, புடிக்கலன்னாலும் சரி. நம்ம ஹால்ல ஒக்காந்து, அவரு வாயால, எங்காதுல விழுற மாதிரி சொல்லணும். இல்லன்னா இதோட விட்ருங்க. எனக்கு இனிமே யாரும் மாப்புள்ள பாக்க வேண்டாம்."

அம்மா அழுதாள். வயலிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்த அப்பா, "அது சொல்றது நியாயந்தான" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வயலுக்கே போய்விட்டார். தங்கச்சி விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். இந்த முறையும் பதில் மென்று முழுங்கப்பட்டால் எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு அன்றோடு முடிந்தது.

தரகர் தயங்கித் தயங்கி விஷயத்தை அங்கே கொண்டுபோனார். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்சமும் கோபப்படவில்லையாம். "எம்புள்ளைக்கு வாய் இருக்கு. நல்லாவே பேசுவான்" என்று சொல்லி அனுப்பினார்.

மாப்பிள்ளைக்கு ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். பம்புசெட் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் இன்ஜினியர். அப்பா இல்லை, அம்மாவும் தாய்மாமனும்தான். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். அக்னி நட்சத்திரம் முடிந்தும் முடியாத நாள்.

அன்று காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு, "எல்லாம் சூடா இருக்கணும்டா, அத நீ பாத்துக்க" என்றாள்.

"எந்தச் சூடு?" என்றேன்.

"வாய்க்குச் சூடு."

வாழ்க்கையில் முதல் தடவையாக என் அம்மா வெப்பநிலையைப் பற்றிப் பேசினாள். எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப் போயிற்று. காபி டிகாக்ஷனை எப்போது இறக்குவது, பாலை எப்போது பொங்கவிடுவது, பஜ்ஜி சட்டியிலிருந்து எப்போது வரவேண்டும் என்றெல்லாம் மனசுக்குள் திட்டம் போட்டேன். பஜ்ஜி சுலபம். சிக்கல் சுழியத்தில்தான் இருந்தது.

சுழியத்தை எங்கள் பக்கம் சுய்யம் என்பார்கள். கடலைப்பருப்பை வேகவைத்து, வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்துக் கிளறிப் பூரணமாக்கி, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, மாவில் முக்கி எண்ணெயில் போட்டு எடுப்பது. தங்கச்சிக்கு அது நன்றாக வரும். அவள் பண்ணுவதாக முடிவாயிற்று. நான் அடுப்படி வாசலில் நின்று ஒரு சின்னப் பாடம் எடுத்தேன். மேல்மாவு மெல்லிசு, ஈரமில்லாதது, ஃபேன் காற்று பட்டாலே ஆறிவிடும். உள்ளே இருக்கிற பூரணம் அப்படியல்ல. அதில் தண்ணீர் இருக்கிறது, பாகு இருக்கிறது, மாவு அதைப் போர்த்திக்கொண்டு வேறு இருக்கிறது. வாங்கிய வெப்பத்தை லேசில் விடாது. பொரித்த அப்பளத்தைச் சட்டியிலிருந்து எடுத்த கையோடு கடிக்கலாம், சுழியத்தைக் கடிக்க முடியாது. வெளியே தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று நம்புகிறவன் கதி அதோகதி.

"அப்ப ரெண்டா பிட்டு வச்சிருவமா?" என்றாள் தங்கச்சி.

எனக்கு அவள் மேல் பாசம் பொங்கியது. ஆனால் அம்மா விடவில்லை. "நல்ல காரியத்துக்கு வர்றவங்களுக்குப் பிட்டா வைக்கிறது? எச்சப் பண்ணுன மாதிரி இருக்கும். முழுசாத்தான் வைக்கணும்." தன் வெப்ப ஏற்புத்திறன் பற்றி நான் இன்னொரு தடவை ஆரம்பித்தேன். கரண்டியைக் கையில் வைத்திருக்கும் அம்மாவிடம் ஓரளவுக்கு மேல் இயற்பியல் பேச முடியாது.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. பெட்ரோலும் பாட்டிலும் இங்கே மலிவு என்பதால், வெளியூர்க்காரர்கள் எல்லை தாண்டிக் காரைக்காலுக்குள் நுழைந்தாலே அவர்களுக்கு ஏதாவது ஒரு காரியம் வந்துவிடும். முதலில் பெட்ரோல் போட நின்றார்கள். பிறகு தாய்மாமனுக்கு மட்டும் வேறொரு கடையில் ஏதோ ஜோலி இருந்ததாம். என்ன ஜோலி என்று யாரும் கேட்கவில்லை, டிக்கியில் ஒரு பை குலுங்கிற்று. என் திட்டமெல்லாம் ஆறி அவலாகி, பஜ்ஜிமாவு நீர்த்து, பால் ஏடு கட்டி, நான் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்து நடந்து அப்பாவிடம் திட்டு வாங்கினேன். சுழியத்தை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டபிறகுதான் சட்டியில் போட வைத்தேன்.

மாப்பிள்ளை உயரமாக இருந்தார். வெள்ளைச் சட்டை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஃபேனைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தார். நல்லாவே பேசுகிறவர் மாதிரி தெரியவில்லை. தங்கச்சி வந்தாள், காபியை வைத்தாள், வணக்கம் சொன்னாள், கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பேங்க்கில் கூட்டமா என்று கேட்டார், இவள் சொன்னாள். பிறகு எழுந்து உள்ளே போய் அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். இனிமேல் அவள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

"பலகாரம் பொண்ணே பண்ணுனதா? சாப்புடு தம்பி. சாப்புட்டுட்டு நல்ல பதிலா சொல்லு" என்றார் அவர் அம்மா.

மாப்பிள்ளை ஒரு சுழியத்தை எடுத்தார். விரலில் பட்டது வெதுவெதுப்பான மேல்மாவு. அதை நம்பினார். நான் "மெதுவாங்க" என்று வாயெடுப்பதற்குள், பதட்டத்தில் இருக்கிற மனுஷன் செய்கிற மாதிரி, முழுசாக வாயில் போட்டுக் கடித்துவிட்டார்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்கு வியப்பு. உதடு மூடியிருந்தது. கழுத்து மட்டும் கொஞ்சம் நீண்டது. காது சிவந்தது. வேறு எங்காக இருந்தாலும் எந்த மனுஷனும் துப்பியிருப்பான். பெண் வீட்டு ஹாலில், பெண் கையால் செய்த பலகாரத்தை, அத்தனை பேர் பார்க்க எப்படித் துப்புவது? பக்கத்திலிருந்த டம்ளரைப் பிடிக்கக் கை நீட்டினார். அது எவர்சில்வர் டம்ளர், உள்ளே நான் திட்டம் போட்டுச் சூடாக்கிய காபி. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கண்ணில் நீர் கோத்து, வழிந்து, தாடை வரைக்கும் இறங்கியது.

அந்தக் கண்ணீரை முதலில் பார்த்தது அம்மா. என் காதருகே வந்து, "பையனுக்கு வேற எங்கயோ மனசு இருக்குடா. கட்டாயப்படுத்திக் கூட்டியாந்துருக்காங்க" என்றாள்.

அடுத்ததாகப் பார்த்தது மாப்பிள்ளையின் அம்மா. அவருக்குத் தோன்றியது வேறு. மகன் தோளில் கையை வைத்து, "அப்பாவ நெனச்சுக்கிட்டியா தம்பி" என்றார். "இந்த நேரத்துல அவரு இருந்திருந்தா" என்று ஆரம்பித்தவருக்குக் குரல் உடைந்துவிட்டது. முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த என் அம்மாவுக்கும் அழுகை வந்துவிட்டது. யார் அழுதாலும் கூட அழாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நினைக்கிறவள் அவள். தாய்மாமனும் மூக்கை உறிஞ்சினார். அப்பா எழுந்து நின்று, துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை கண்ணீரோடு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, மெல்ல முடியாமல், கொஞ்சம் கொஞ்சமாக முழுங்கிக்கொண்டிருந்தார்.

"அவரு அழலங்க. பூரணம்" என்றேன் நான்.

ஒருவருக்கும் புரியவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ள பூரணம் ஆறலங்க. வாய் வெந்துருச்சு" என்று கத்தினேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகத் தலையாட்டினார்.

நான் ஓடிப்போய் ஃபிரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டை உடைத்து, கிண்ணம் நிறைய ஐஸ் கட்டியோடு வந்தேன். மாப்பிள்ளை ஆசையாகக் கையை நீட்டினார். அவர் அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"ஐஸா? அது சூடுல்ல தம்பி."

"ஆமாங்க, ஐஸு சூடுதான்" என்றாள் என் அம்மா. "நானும் இவங்கிட்ட சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், கேக்க மாட்றான்."

இரண்டு குடும்பங்களும் முதன்முதலாக ஒத்துப்போன விஷயம் அது. எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "ஐஸு ஜீரோ டிகிரிங்க" என்றேன்.

"டிகிரி ஜீரோவாவே இருக்கட்டும். ஒடம்புக்குச் சூடுல்ல. ஏற்கெனவே வெந்து கெடக்கு, அதுமேல சூட்டப் போயி வைக்கிறதா?" மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பரிதாபம் இருந்தது. "தயிர் இருக்கா?" என்று கேட்டவர், தானே திருத்திக்கொண்டார். "வேண்டாம், தயிரும் சூடு."

"மோராக் கலக்கிருவோம்" என்றாள் அம்மா.

"அதான் சரி. மோரு குளிர்ச்சி."

"அதே தயிருதான்ங்க ரெண்டுலயும்" என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா மோர் கடையப் போனாள். கையிலிருந்த ஐஸ் என் விரல் வழியாக உருகித் தரையில் சொட்டியது. ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் கொடுத்திருந்தால் போதும். அது அந்த ஹாலில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை, நான் டிகிரி பேசிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் தாய்மாமன் தன் கட்சியை எடுத்துவைத்தார். "மோரெல்லாம் அப்புறம். சூடு எறங்கணும்னா தொப்புள்ல வெளக்கெண்ண வைக்கணும். வீட்ல இருக்கா?"

வெந்தது நாக்கு, எண்ணெய் தொப்புளில். இதில் எந்த விதி வேலை செய்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பாவுக்கு இந்த வைத்தியம் உடனே பிடித்துப்போய், சாமி மாடத்திலிருந்து விளக்கெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்துவிட்டார். "சட்டையத் தூக்குங்க மாப்ள" என்றார் தாய்மாமன். மாப்பிள்ளை சட்டையை இரண்டு கையாலும் இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். திரை லேசாக ஆடியது. திரைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்குகிற சத்தம் கேட்டது. மாப்பிள்ளை கண்ணாலேயே கெஞ்சினார். கடைசியில், தொப்புள் இல்லாவிட்டால் கால் கட்டைவிரல் என்று சமரசம் ஆயிற்று. அதுவும் சூட்டை இறக்குமாம். தாய்மாமன் குனிந்து இரண்டு கட்டைவிரலிலும் விளக்கெண்ணெயைத் தாராளமாகத் தடவினார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, பாதம் தரையில் படாமல் இரண்டு கட்டைவிரலையும் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மோர் வந்தது. மாப்பிள்ளை அதை ஒரே மூச்சில் குடித்தார். வாயை அடைத்துக்கொண்டிருந்ததும் உள்ளே போயிற்று போல, நீளமாக மூச்சு விட்டார். முகத்துக்கு உயிர் வந்தது. "பாத்திங்களா, குளிர்ச்சி" என்றார் அவர் அம்மா என்னிடம்.

பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சபை மரியாதைக்குத் திரும்பினார். "சரி தம்பி. அவங்க காத்துக்கிட்டு இருக்காங்க. பொண்ணு கேட்ட மாதிரி ஒன் வாயாலயே சொல்லிரு."

மாப்பிள்ளை முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுப்படித் திரையை நேராகப் பார்த்தார். வாயைத் திறந்து, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்:

"புளிச்சிருக்கு."

என் அம்மாவின் முகம் செத்துவிட்டது. "காலைல ஒறை ஊத்துன தயிர்ங்க அது. புளிக்கவே புளிக்காதே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள். மாப்பிள்ளை தலையைப் பலமாக ஆட்டி மறுத்தார். கையை ஆட்டினார். அதற்குள் இன்னொரு டம்ளர் மோர், பெருங்காயமும் கறிவேப்பிலையும் போட்டு அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் அதைக் குடிக்கவில்லை. இன்னும் சத்தமாக, "புளிச்சிருக்குங்க" என்றார்.

தாய்மாமன் அந்த டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். "புளிப்பு இல்லியே மாப்ள. நல்லாத்தான இருக்கு." முழுதையும் குடித்து முடித்துவிட்டு, "நாக்கு செத்துப்போச்சு, ருசி தெரியல" என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்பா வேறு அர்த்தம் கண்டுபிடித்தார். என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்து, "நெறைய எடத்துல பொண்ணு பாத்துப் பாத்துப் புளிச்சுப் போச்சுன்றாரோ?" என்றார். அப்படிக் கேட்டபோது அவர் குரல் இறங்கிவிட்டது. மகளுக்குக் கல்யாணப் பேச்சு இத்தோடு முடிந்தது என்று அவர் முடிவு கட்டிவிட்டார் என்று தெரிந்தது. எனக்கோ பூரணத்தின் மேல், ஐஸின் மேல், வந்த எல்லோர் மேலும் ஆத்திரமாக வந்தது.

மாப்பிள்ளை மூன்றாம் தடவையாக வாயைத் திறந்தார். "நான்... மோர... சொல்லல" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணில் நீர் வந்தது. நாக்கை மேலண்ணத்தில் படவிடாமல் அவர் பேசப் பார்ப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'டி' சொல்ல வேண்டுமென்றால் நாக்கு நுனி மேலே மடிந்து அண்ணத்தில் முட்ட வேண்டும். அந்த நுனிதான் வெந்து கிடக்கிறது. முட்ட வேண்டிய இடத்தில் வழுக்கிக்கொண்டு போய் 'ளி' ஆகிவிடுகிறது. இதை நான் எல்லோருக்கும் விளக்க ஆரம்பித்தேன். ஒலிப்பு முறை, நாக்கு நுனி, அண்ணம் என்று நான் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது திரை விலகியது.

தங்கச்சி வெளியே வந்தாள். கையில் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர். அதை மாப்பிள்ளையின் கையில் கொடுத்தாள். அவர் ஒரு வாய் எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு முழுங்கும்வரை காத்திருந்தாள். பிறகு கவுண்டரில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"மோரா, நானா?"

என் அம்மா "ஏன்டி" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண் இப்படி நேருக்கு நேராகக் கேட்டு அந்த ஹால் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். கட்டைவிரலில் எண்ணெய், வழுக்கியது, நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நீங்க" என்றார். அதற்கு நாக்கு மேலே மடிய வேண்டியதில்லை. ஹாலில் இருந்த எல்லோருக்கும் சுத்தமாகக் கேட்டது.

அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒரே நேரத்தில் மறுபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாய்மாமன் "அப்ப முடிஞ்சுச்சு, நிச்சயத்துக்கு நாள் பாத்துருவோமா" என்றார். அப்பா துண்டை மறுபடி தோளில் போட்டார்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் தங்கச்சி. மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "அவரு சொல்லிட்டாரும்மா. நான் இன்னும் சொல்லல. மொதல்ல நாக்கு ஆறட்டும். ஆறுனதும் போன் பண்ணச் சொல்லுங்க. அவரு பேசி நான் கேக்கவே இல்லியே. பேசிப் பாத்துட்டுச் சொல்றேன்."

அந்த அம்மா மகனைப் பார்த்தார். மகன் தலையாட்டினார். "கேக்குறது சரிதாம்மா" என்றார் அவர். கிளம்பும்போது மாப்பிள்ளை திரும்பி வந்து தட்டிலிருந்த ஒரு சுழியத்தை எடுத்தார். நான் பதறிப்போனேன். அவர் அதை இரண்டாகப் பிட்டார், உள்ளே உற்றுப் பார்த்தார், ஊதினார், நாக்கு நுனியில் படாமல் மெதுவாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

நாக்கு ஆறக் கொஞ்ச நாள் பிடித்தது. போன் வந்த சாயங்காலம் தங்கச்சி அதை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். பம்புசெட்டில் ஆரம்பித்து எங்கெங்கோ போயிற்று பேச்சு. இடையில் அவள் வாய்விட்டுச் சிரித்தது உள்ளேவரை கேட்டது. அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார். அம்மா மோருக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை போட்டாள். நான் விடைத்தாள் திருத்துவதாகப் பேர் பண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் உள்ளே வந்தபோது அம்மா அடுப்படி வாசலை மறித்து நின்றாள். "என்னடி, என்ன சொல்ற?"

அவளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். அதை மறைக்கக்கூட இல்லை. எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். நாக்கு நுனியை அண்ணத்தில் நன்றாக அழுத்தி, யாரும் தயிர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடாதபடிக்கு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்:

"எனக்கும் புடிச்சிருக்கு."